செருப்புக்கு என்ன தெரியும்?

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் வலிப்பு வந்து விழுந்தாள். கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை. கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். இன்னொருவர் தன் தோல் செருப்பைக் கழற்றி அவள் மூக்கில் வைத்தார். இரண்டு நிமிஷத்தில் வலிப்பு நின்றது. ''பாத்தீங்களா... செருப்புதான் சார் இதுக்கு மருந்து!'' என்றார் பெருமையாக.

அட சாமி! அந்தப் பொண்ணு தினம் எட்டு மணி நேரம் தோலுக்கு நடுவுலதானே உட்கார்ந்திருக்கா? தோல் வாசனை வலிப்பை நிறுத்தும்னா ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில ஒருத்தருக்கும் வலிப்பே வரக் கூடாதே!

வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் செருப்பு அங்கே இருந்தது, அவ்வளவுதான். செய்ய வேண்டியதெல்லாம்... தலைக்குக் கீழே துணி வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-க்கு போன் போடுங்கள்.

ஆனால், என் கோபம் அந்தச் செருப்புக்காரர் மேல் இல்லை. ஓடி வந்த அம்மா சொன்னதைக் கேளுங்கள். ''மாத்திரையை நிறுத்தி இருபது நாளாச்சு சார். தை மாசம் கல்யாணம். மாத்திரை அட்டை மாப்பிள்ளை வீட்டுக் கண்ணுல பட்டுச்சுன்னா..?''

கல்யாணத்துக்காக நிறுத்திய மாத்திரை கருமாதியில் கொண்டுபோய் விடலாம் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை!

மூளை மின்சாரத்தில் ஓடுகிறது. அது திடீரென்று கட்டுமீறிப் பாய்வதுதான் வலிப்பு. ஃபெனிட்டாயின், கார்பமாஸெபின் போன்றவை நரம்பு செல்லில் சோடியம் நுழையும் கதவை இழுத்துப் பிடிக்கின்றன. ஃபீனோபார்பிடால், 'காபா' என்ற பிரேக்கை இன்னும் அழுத்துகிறது. காவல்காரன் வேலை! காவல்காரனை ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு அனுப்பினால், வலிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். நிற்காமல் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சில வருஷம் வலிப்பே இல்லாமல் இருந்தால், சிலருக்கு டாக்டரே பார்த்து மெள்ள மெள்ளக் குறைப்பார். அது அவர் வேலை. பக்கத்து வீட்டு மாமி வேலை இல்லை.

'பக்க விளைவு இருக்கே சார்?' இருக்கு. நான் பி.காம் படித்தவன். வரவை மட்டும் காட்டி செலவை மறைக்கிற கணக்கு எனக்குப் பிடிக்காது. ஃபெனிட்டாயினால் ஈறு வீங்கலாம், முகத்தில் முடி வளரலாம், நடை தள்ளாடலாம். கார்பமாஸெபின் ஆரம்பித்த சில வாரங்களில் தோல் தடித்துச் சிவந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். லெவெட்டிராசெட்டாம் சிலருக்குச் சிடுசிடுப்பைத் தரும். வால்புரோயேட்டால் எடை கூடும், முடி கொட்டும். முக்கியமாக, கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் குழந்தைக்குப் பிறவிக் குறையும் மூளை வளர்ச்சிக் குறையும் வரக்கூடும். கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசினால், வேறு மருந்துக்கு மாற வழி உண்டு. ஃபோலிக் ஆசிட்டும் எழுதித் தருவார்.

இதை எந்த டாக்டர் அந்தப் பெண்ணிடம் உட்கார வைத்துச் சொன்னார்? அரை நிமிஷத்தில் சீட்டு எழுதி 'நெக்ஸ்ட்' என்றால், ஈறு வீங்கிய அன்றைக்கே அவள் மாத்திரையைக் குப்பையில் போடத்தானே செய்வாள்? சரியான மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் 100 பேரில் 70 பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வரவை யாராவது சொன்னார்களா?

இத்தனைக்கும் இது எந்த ஊர்? இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-ல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய வேலூர் சி.எம்.சி. பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் மாவட்டத்து மக்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. ஆயிரம் பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு வலிப்பு. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம், நாடாப்புழு முட்டையிலிருந்து வெளிவந்து மூளைக்குள் போன இளம்புழு. 'நாங்க பன்றிக்கறியே தொட மாட்டோமே' என்பீர்கள். முட்டை வருவது கறியில் இல்லை சார்... புழு உள்ளவரின் மலம் கலந்த தண்ணீரில், கழுவாத கீரையில், கழுவாத கையில். இது சாக்கடைப் பிரச்னை. சாபமும் இல்லை, பேயும் இல்லை.

கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கிராமத்திலிருந்து கம்பெனி பஸ் பிடிக்க விடியாமலே எழுந்து வருகிற பெண்களால்தான் உங்கள் ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். நோயைச் சொன்னால் வேலை போய்விடும் என்கிற பயத்தில் மறைத்துக்கொண்டு, கட்டிங் மெஷினில் கை வைத்து நிற்பாள். அவளை செக்கிங் டேபிளுக்கு மாற்ற எவ்வளவு செலவாகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தாய்மார்களே... 'வலிப்பு' என்ற வார்த்தையை இந்துத் திருமணச் சட்டத்தின் தகுதிக் குறைப் பட்டியலிலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள். சட்டமே விட்ட பிறகு நீங்கள் எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கேட்டுவிட்டு ஓடுகிறவன் ஓடட்டும்... மிச்சம்!

அந்த மாத்திரை அட்டையை அரிசிப் பானையிலிருந்து எடுத்து, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி சாமி படத்துப் பக்கத்தில் வையுங்கள். செருப்பு வாசலிலேயே கிடக்கட்டும்.