வல்லொற்றை ஒழிப்பது ஓசையை ஒழிப்பதே!

எம் ஊர்க் கடைத்தெருவில் 'மருந்து கடை' என்றொரு பலகை தொங்குகின்றது. மருந்து விற்குமிடத்தைக் குறிக்கப் புகுந்தவர், மருந்தைக் கடையுமாறு நம்மை ஏவுகின்றார்! 'ஒரு ககர ஒற்றுத்தானே, போனால் என்ன?' என்பார்க்கு விடை கூறவே இதனை எழுதுகின்றேன். ஒற்று என்பது எழுத்தழகுக்காக இட்ட புள்ளியன்று. வல்லொற்று, அளந்து வைத்த ஓர் அடைப்பு. ஒலிகளுக்கிடையே நிற்கும் அமைதி.

வல்லெழுத்து எங்ஙனம் பிறக்கின்றது? நுரையீரலினின்று எழும் காற்றை வாயினுள் ஓரிடத்தில் முற்றும் அடைக்கின்றோம். ககரத்திற்கு அடிநாவும் அண்ணமும், டகரத்திற்கு நுனிநாவும் அண்ணமும், தகரத்திற்கு நுனிநாவும் பல்லடியும், பகரத்திற்கு இதழிரண்டும் கதவுகளாகின்றன. தொல்காப்பியப் பிறப்பியல் இவ்விடங்களைத் தெளிவுற வகுத்துள்ளது. கதவு திறந்தவுடன் அடைபட்ட காற்று வெடித்தெழும். கணப்பொழுதே நிற்கும் அவ் வெடிப்பாலும், முன்பின் நிற்கும் உயிரோசை திரியும் பாங்காலுமே இன்ன எழுத்தெனச் செவி அறிகின்றது.

'படம்' என்று சொல்லுங்கள். பின் 'பட்டம்' என்று சொல்லுங்கள். நா தொடுமிடம் ஒன்றே. அடைப்பின் நீட்சியே வேறு. படத்தில் நா ஒருமுறை தட்டி மீள்கின்றது. குரல்நாண்களின் அதிர்வு இடையறாமையின் டகரம் மெலிந்தொலிக்கின்றது. பட்டத்தில் அடைப்பு நீள்கின்றது. வாயினுள் காற்றழுத்தம் ஏற, குரல்நாண்களினூடே காற்றோட்டம் தளர, அதிர்வு நிற்கின்றது, வன்மை பிறக்கின்றது. ஓரெழுத்தே இடத்திற்கேற்ப வலித்தும் மெலிந்தும் ஒலிப்பதற்குக் கரணியம் இதுவே. தமிழ்ச்சொற்களை ஒலிக்கத் தமிழெழுத்துப் போதாது, வடவெழுத்துக் கடன் வேண்டும் என்பார், ஒற்றின் வேலையை அறியாதாரே.

இவ்வுண்மையை நன்கறிந்தோர் மத்தளம் முழக்குவோர். அவர்தம் கொன்னக்கோலில் வாயே முழவாகும். 'தகிட' என்றால் மூன்றடி. 'தகதிமி' என்றால் நான்கு. 'தகதகிட' என்றால் ஐந்து. தகரமும் ககரமும் மாறிமாறி வருதல் ஏன்? நுனிநா திறக்கும்போதே அடிநா அடைக்க அணியமாகின்றது. 'தததத' என விரைந்து சொல்லிப் பாருங்கள், நா களைக்கும். 'தகதக' எனின் ஓடும். பேச்சில் உயிர்களினிடையே தனித்து நிற்கும் ககரம் மெலியும். 'தகதிமி'யிலோ அது மெலிவதில்லை. ஒவ்வோரசையும் தோலின்மேல் விழும் தனியடியாதலின்.

இருபத்தைந்தாண்டுகளுக்கு மேலாக வல்லெழுத்து மிகுமிடங்களையும் மிகாவிடங்களையும் மாணவரை நெட்டுருச் செய்வித்து வந்தேன். ஒப்பிக்கையில் தவறார், எழுதுகையில் தவறுவர். பிழை அவர்மேலதன்று. யான் கண்ணுக்குக் கற்பித்தேன், செவிக்குக் கற்பித்திலேன். பின்னர் ஒருநாள் 'தகிட', 'தக்கிட' என்பவற்றைப் பலகைமேல் தட்டிச் சொல்லச் செய்தேன். ஒற்று வருமிடத்தில் கை காத்து நிற்றல் வேண்டும். அடுத்துப் படம், பட்டம்; குடை, குட்டை; இறுதியில் 'மருந்து கடை', 'மருந்துக்கடை'. அன்றுதொட்டு, ஏட்டில் ஒற்று விடுபட்டால் பக்கத்திலிருப்பவனே, "ஐயா, இவன் தாளந் தவறிவிட்டான்" என்கின்றான்.

மெய்யெழுத்துக்கு அரைமாத்திரை என்று வரையறுத்த நம் முன்னோர், கண்ணிமைப் பொழுதிற் பாதியையும் வீணென விட்டாரல்லர். நாமோ பலகையிலும் தாளிகையிலும் அதனைக் கேட்பாரின்றி வீழ்த்துகின்றோம். எழுத்தில் வீழ்ந்தது நாளை நாவிலும் வீழும், 'பட்டம்' படமாகும்.

தமிழாசிரியர்களே! இலக்கணத்தைச் செவிவழிக் கற்பியுங்கள். தமிழன்பர்களே! உங்கள் தெருவில் ஒற்றிழந்த பலகை கண்டால், கடைக்காரரிடம் சென்று பணிவொடு எடுத்துரையுங்கள். மருந்தைக் கடைய வேண்டா. ஓர் ஒற்றை இட்டாற் போதும்!