கதையின் ரத்தம் மட்டும்தான் கண்ணில் படுகிறதா?

சுசான் காலின்ஸ் 2008-ல் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் வன்முறை மிகுதியாம், பிள்ளைகள் கெட்டுவிடுவார்களாம்! அமெரிக்க நூலகங்களிலிருந்து அதை அகற்றச் சொல்லிச் சில கனவான்கள் கூச்சலிட்டார்கள்.

தோழர்களே, கதையைக் கேளுங்கள். கதாநாயகி காட்னிஸ், பதினாறு வயதுப் பெண். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான தந்தை வெடிவிபத்தில் மாண்டவர். தலைநகரத்தார் ஆண்டுதோறும் குலுக்கல் நடத்தி, மாவட்டத்துக்கு ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் கொலைக்களத்துக்கு இழுக்கிறார்கள். ஒருவருக்கு ஓராண்டுத் தானியமும் எண்ணெயும் வேண்டுமா? உன் பெயரில் இன்னொரு சீட்டுப் போடு! வீட்டில் எத்தனை வயிறோ அத்தனை சீட்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பேரம் தேவையே இல்லை. ரேஷன் வரிசையில் கால்கடுக்க நின்றவனுக்கு இது புரியும், கனவான்களுக்குப் புரியாது.

ஹாலிவுட் முதலாளிகளுக்கோ இதுவும் சரக்கு. 2012-ல் படமாக்கி 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தார்கள். கலகத்தையும் டிக்கெட் போட்டு விற்கிற கூட்டம்!

ஆனால் விற்ற சரக்கு கைமீறிப் போயிற்று. தாய்லாந்தில் 2014-ல் ராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, காட்னிஸின் மூன்று விரல் வணக்கத்தை மாணவர்கள் வீதியில் உயர்த்தினார்கள். விரலைத் தூக்கியதற்கே கைது! 2021 பிப்ரவரியில் பர்மாவின் யாங்கோன் நகரில், ஆடை ஆலைப் பெண் தொழிலாளர்களும் திரண்ட ஊர்வலங்களில் அதே மூன்று விரல்கள் உயர்ந்தன.