'பூர்வ புண்ணியம்' பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது

எங்கள் குடும்பம் மின்னலில் இருந்து தப்பிய செய்தி கேட்டு மூன்று நாளாக விசாரிக்கும் உறவுகளுக்கும் பழைய மாணவர்களுக்கும் நன்றி. "பெரியவங்க செஞ்ச புண்ணியம் சார்" என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அன்பில் எனக்குக் குறையில்லை. அந்தச் சொல்லோடுதான் சண்டை.

நடந்தது இதுதான். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒன்பது பேர் மலையில் டென்ட் போட்டுத் தங்கப் போனோம். மொட்டை மேடு. ஒற்றை மரம். அதன் நிழலில் எங்கள் டென்ட். சாயங்காலம் வானம் இருண்டது. மின்னல் தெரிந்ததும் பேரனோடு எண்ண ஆரம்பித்தேன். முதலில் இருபது எண்ணியபின் இடி கேட்டது. அடுத்து பன்னிரண்டு. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அப்படியென்றால் நாலு கிலோமீட்டர்தான்.

அங்கிருந்த பொறுப்பாளர் பையன் சொன்னான்: "தினமும் இடிக்கும் சார். டென்ட்டுக்குள்ள போய் உக்காருங்க, ஒண்ணும் ஆகாது." நான் எல்லோரையும் வேனில் ஏற்றிக் கண்ணாடியை மூடச் சொன்னேன். கால் மணி நேரத்துக்குள் அந்த மரத்தில் விழுந்தது. உச்சியில் இருந்து அடிவரை பட்டை உரிந்துவிட்டது. எங்கள் டென்ட்டுக்கும் மரத்துக்கும் பத்தடிகூட இல்லை.

மறுநாள் கேம்ப் நடத்துபவர் சொன்ன பதில்: "அதான் ஒண்ணும் ஆகலையே சார்!"

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது.

டென்ட் துணி மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. மரத்தில் இறங்கும் மின்சாரம் மரத்தோடு நிற்பதில்லை. தரை வழியாகப் பரவுகிறது. மரத்தடியில் ஒதுங்கிய ஆடு மாடுகள் கூட்டமாகச் சாவது அதனால்தான். வேன் காப்பாற்றியது ரப்பர் டயரால் அல்ல. சுற்றியுள்ள உலோகக் கூடு மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடும். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் இந்த அறிவியல், ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

"மின்னல் எங்கே விழும்னு யாருக்கு சார் தெரியும்?" என்று கேட்கிறார்கள். எந்த மரத்தில் விழும் என்று தெரியாதுதான். ஆனால் வருகிறது என்பது தெரியும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நாம் இருக்கும் பகுதிக்கே எச்சரிக்கை தருகிறது. காசு கிடையாது. அதுவும் வேண்டாம் என்றால் காது இருக்கிறது. இடிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தாலே ஆபத்துதான்.

2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னலுக்கு 2,887 பேர் பலியானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. வயலில் நாற்று நடுகிறவர்களும் ஆடு மாடு மேய்ப்பவர்களும்தான் இதற்கு அதிகம் இரையாகிறார்கள். அவர்களுக்கு வயிற்றுப்பாடு, போக வேறு இடமில்லை. காசு வாங்கிக்கொண்டு மேட்டில் கூட்டிப்போய் உட்கார வைப்பவருக்கு என்ன சாக்கு? அவர்கள் செத்தால் விதி, நாம் பிழைத்தால் புண்ணியம் என்றால் அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

2018-ல் குரங்கணித் தீயில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தோம். இதற்கும் பிணம் விழுந்தால்தான் விதி வருமா?

நான் கேட்பது மூன்றே மூன்று. மேட்டிலும் ஒற்றை மரத்தடியிலும் டென்ட் போடக் கூடாது. ஓடி ஒதுங்க, இடிதாங்கி வைத்த ஒரு கட்டடம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இடி கேட்டதும் எல்லோரையும் உள்ளே அனுப்பி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே விடாத ஒரு ஆள் வேண்டும். இவை இல்லாத இடத்துக்கு அதிகாரிகள் அனுமதி தரக் கூடாது.

பெற்றோர்களே, முன்பணம் கட்டும்முன் "கேம்ப் ஃபயர் உண்டா, பார்பிக்யூ உண்டா" என்று கேட்கிறீர்கள். "இடி இடித்தால் எங்கே போவது?" என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

'அர்ஜுனா அர்ஜுனா' என்று சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லுங்கள். கட்டடத்துக்குள் போய்ச் சொல்லுங்கள்.