ஊசி குத்தட்டும், மாத்திரையை ஏன் நிறுத்தச் சொல்றீங்க?



கீழ்பென்னாத்தூர் பக்கம் நாத்து நடுற, மல்லாட்டைக்குக் களை எடுக்கிற பொம்பளைங்கள்ல நாப்பது வயசு தாண்டி மூட்டுவலி, இடுப்புவலி இல்லாதவங்க ரொம்பக் கம்மி. நாள் முழுக்கச் சேத்துல குனிஞ்சே செய்யற வேலை. அதனாலேயே ‘அக்குபங்சர்’ என்கிற வார்த்தை இப்ப எங்க கிராமங்கள்லயும் பழகிப் போச்சு. கிரிவலம் வர்ற டவுன் நண்பர்கள் சிலரும், “அண்ணே, மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு இதுக்கு மாறுங்க”ன்னு சொல்லிட்டுப் போறாங்க. அந்த ஒரு பேச்சைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

ஊசி வைத்தியத்தைக் கேலி பண்றது என் நோக்கம் இல்லை. சீனாவுல சுமார் ரெண்டாயிரம் வருஷமா இருக்கிற முறை அது. 2010-ல யுனெஸ்கோ அதை மனித குலத்தோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்தது. அதுல ரெண்டு வேலை உண்டு. ஒன்னு, மெல்லிசான ஊசியைத் தோல்ல செருகுறது. இன்னொன்னு மோக்சா. காய்ஞ்ச இலையைப் பஞ்சு மாதிரி இடிச்சு, சுருட்டு போல உருட்டி, கொளுத்தி, அந்தச் சூட்டை உடம்புக்குக் காட்டுறது. அந்தச் செடி நம்ம மாசிபத்திரி, மரிக்கொழுந்துக்குச் சொந்தக்காரச் செடிதான். சூட்டு வைத்தியம் நமக்கும் புதுசு இல்லை. சித்த மருத்துவத்துல சொல்ற 32 புற மருந்துகள்ல ஒத்தடம், வேது, சுட்டிகை எல்லாம் இருக்கு.

இந்த முறை மேல்நாட்டுல பிரபலமான கதையைக் கேளுங்க. 1971 ஜூலையில அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் போயிருந்தப்ப அவருக்குக் குடல்வால் அழற்சி வந்துச்சு. அங்க இருந்த சீன டாக்டருங்க என்ன பண்ணாங்க? மரத்துப்போக ஊசி மருந்து போட்டு, கத்தி வச்சு, குடல்வாலை வெட்டி எடுத்தாங்க. அதுக்கப்புறம் வயித்துல உப்புசமும் வலியும் வந்தப்பதான் முழங்கையிலயும் முழங்காலுக்குக் கீழயும் ஊசி செருகி, மோக்சா கொளுத்தி வயித்துக்கிட்ட காட்டினாங்க. அவருக்குச் சுகமா இருந்துச்சு. அதை நியூயார்க் டைம்ஸ்ல எழுதினார். கத்தி செய்யற வேலையைக் கத்தி செஞ்சுது, ஊசி செய்யற வேலையை ஊசி செஞ்சுது. அந்த ஊர்க்காரங்களுக்கே ரெண்டும் வேணும்னு தெரிஞ்சிருக்கு.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் டாக்டர் பி.கே. பாசு. 1938-ல டாக்டர் கோட்னிஸோட சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவுல ஒருத்தர். 1958-ல திரும்பவும் போய்க் கத்துக்கிட்டு வந்து கொல்கத்தாவுல ஆரம்பிச்சார். அவரும் இங்கிலீஷ் மருத்துவம் படிச்ச டாக்டர்தான்.

இங்க நிலைமை வேற. பல இடத்துல ஊசியும் கிடையாது, மோக்சாவும் கிடையாது. நாடி பிடிச்சுப் பார்த்து விரலால ஒரு புள்ளியைத் தொட்டு விடுறாங்க. வலி குறையுதுன்னா சந்தோஷம். ஆனா அதோட சேர்த்து, “மாத்திரை விஷம், நிறுத்திடுங்க”ன்னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது. எங்க தெருவுல ஒரு பெரியம்மா அப்படித்தான் சுகர் மாத்திரையை நிறுத்தினாங்க. கால்ல முள்ளு குத்தின புண்ணு ஆறவே இல்லை. கடைசியில ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. வரப்புல நடந்து பொழைக்கிறவங்களுக்கு ரெண்டு விரல்னா சும்மாவா?

“2019-லேயே மத்திய அரசு அங்கீகாரம் கொடுத்திருச்சே”ன்னு சிலர் கேக்கலாம். ஒரு முறைக்கு அங்கீகாரம் கொடுக்கிறது வேற, இன்னொரு டாக்டர் எழுதின இன்சுலினை நிறுத்தச் சொல்றது வேற. சின்னப் பசங்களுக்கு வர்ற சர்க்கரை நோய்ல இன்சுலினை விட்டா சில நாள்லயே உயிர் போயிடும்.

சரி, வலிக்காவது கேக்குமா? ஜெர்மனியில 1,162 பேரை வச்சு முதுகுவலிக்கு ஒரு ஆய்வு நடத்தி 2007-ல வெளியிட்டாங்க. முறைப்படி ஊசி போட்டவங்கள்ல 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிஞ்சுது. புள்ளி இல்லாத இடத்துல சும்மா மேலாகக் குத்தினவங்கள்ல 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை எடுத்தவங்கள்ல 27.4 சதவீதம்தான். எனக்கு இதுல தெரியறது என்னன்னா, எந்தப் புள்ளியில குத்தினாங்கிறதுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா படுக்க வச்சு, பொறுமையா ஒருத்தர் கவனிச்சா வலி குறையுது.

எங்க சனங்க அங்க போறதுக்குக் காரணமும் அதுதான். ஆஸ்பத்திரி வரிசையில காலையில இருந்து நின்னா டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் கிடைக்கும். அக்குபங்சர்காரரோ அரைமணி நேரம் உக்கார வச்சு, “எங்கம்மா வலிக்குது?”ன்னு கேக்கிறார். அந்தக் கேள்வியை அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் கேட்டா நல்லாருக்கும். 2021-ல ஆரம்பிச்ச ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, இயன்முறை சிகிச்சையும் உண்டு. நடவுக்காரங்க முட்டிக்கும் இடுப்புக்கும் அதுல இன்னும் கூட இடம் கொடுக்கணும்.

டவுன் நண்பர்களுக்கு ஒன்னு சொல்லிக்கிறேன். நீங்க மாத்திரையை நிறுத்திப் பாக்கிறது ஒரு பரிசோதனை. ஏதாவது ஆனா தெருமுனையில ஸ்கேன் சென்டர், பத்து நிமிஷத்துல பெரிய ஆஸ்பத்திரி. எங்களுக்கு ராத்திரியில ஒன்னுன்னா வண்டி பிடிச்சு திருவண்ணாமலை போய்ச் சேரணும். அதனால எங்க ஊருக்கு வந்தா அக்குபங்சர் பத்தித் தாராளமாப் பேசுங்க. வலிக்குப் போறவங்க போகட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க. அதை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் சொல்லணும்.