மீட்பா, மறைப்பா?

மோட்டார் சைக்கிளுக்கு விசை தருவது எந்திரம். உருவம் தருவது சட்டகம். பட்டறைகளில் பிரேம் என வழங்கப்பெறும் அச்சட்டகமே எந்திரத்தையும் சக்கரங்களையும் ஓட்டுநரையும் ஒருங்கே தாங்குகின்றது. எந்திரம் பழுதுற்றால் வண்டி நிற்கும். சட்டகம் முறிந்தால் ஓட்டுநர் வீழ்வார். இவ்வேறுபாட்டை உணராதாரே சட்டகத்தின்மீது அறுப்புக் கருவியை அஞ்சாது வைக்கின்றனர்.

மலேசியாவில் ஹோண்டா கப் வண்டியை அறியாத குடும்பம் அரிது. ஜப்பானில் 1958-ஆம் ஆண்டு தோன்றிய அவ்வகை, 2017-ஆம் ஆண்டில் 10 கோடி வண்டிகள் என்னும் எண்ணிக்கையை எட்டியது. தோட்டப்புறத்துச் செம்மண் தடங்களில் தொழிலாளரை வேலைக்கும், அவர்தம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் சுமந்து சென்ற கப்சாய் அதுவே. அதன் பழைய வகைகளில், எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திப் பாதிகளாக்கி, அவற்றை ஒன்றோடொன்று பற்றவைத்துச் சட்டகம் சமைத்தனர். பின்சக்கரத்தின்மேல் வளைந்து நிற்கும் மட்காப்பும் அச்சட்டகத்தின் தொடர்ச்சியே. ஆகவே, அழகு கருதி வாலை மட்டும் குறுக்கியதாக எண்ணுவோர் மெய்யாகவே வெட்டியது வண்டியின் முதுகெலும்பை!

இன்று காலம் மாறியுள்ளது. பழைய வண்டிக்கு மதிப்புப் பெருகவே, அன்று வெட்டியவரும் வெட்டுண்டதை வாங்கியவரும் அதனை மூலநிலைக்குக் கொண்டுவர விழைகின்றனர். விழைவு நன்றே. ஆனால் நடப்பது யாது? வெட்டிய இடத்தில் ஒரு தகட்டுத் துண்டு. மேடுபள்ளம் தெரியாமல் பட்டிப் பூச்சு. அதன்மேல் பளபளக்கும் சாயம். பக்கத்தில் ஒரு புதிய முத்திரைத்தாள். உடனே அவ்வண்டி ‘ஒரிஜினல்’ என்னும் பட்டம் பெற்று விலையேறி விடுகின்றது. இதனை மீட்பு என்பது சொல்லுக்கே இழுக்கன்றோ? இது மறைப்பு.

“பற்றவைத்தால் இரும்பு இரும்போடு சேர்ந்துவிடும், பின்னர் என்ன குறை?” என வினவுவார் உளர். மெல்லிய தகடு வெப்பத்தால் இழுபட்டுத் திருகும் இயல்பினது. கைப்பிடித் தண்டு சுழலும் கழுத்துப் பகுதி சிறிது சாய்ந்தாலும் இரு சக்கரங்களும் ஒரே நேர்க்கோட்டில் ஓடா. உள்வரை உருகிச் சேராத இணைப்பு வெளியே அழகாகத் தோன்றலாம்; அதனையும் வழவழப்புக்காகத் தேய்த்துவிட்டால் எஞ்சுவது தாள் போன்ற பற்றே. ஓட்டத்தின் அதிர்வில் விரிசல் தோன்றும்போது, அதனைக் கண்ணுக்குக் காட்டாமல் காப்பது அப்பட்டிப் பூச்சே.

“உடைமை என்னுடையது; வெட்டுவதும் ஒட்டுவதும் என் விருப்பம்” என்பாரும் உளர். வண்டி ஒருவர் கையிலேயே இருப்பதன்று. நாளை அதனை வாங்குபவர் வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞராக இருக்கலாம்; அவர்பின் தங்கை அமர்ந்திருக்கலாம். அவர்களுக்குத் தெரியாத வெட்டினை அவர்கள் தலையில் சுமத்த எவருக்கு உரிமையுண்டு? சாலை பொதுவுடைமை. வண்டியின் கட்டமைப்பை உடைமையாளர் தம் விருப்பம்போல் மாற்ற மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இடந்தரவில்லை.

உண்மை மீட்பு சாயத்தை நீக்குவதில் தொடங்குகின்றது, சாயம் பூசுவதிலன்று. சட்டகத்தை வெற்று உலோகமாக்கிப் பார்த்தல் வேண்டும். ஒரு காந்தத் துண்டை நகர்த்தினாலே, பட்டி தடித்த இடத்தில் அது பற்றாது நழுவும். அடுத்து, அதே வகையைச் சார்ந்த, வெட்டுப்படாத சட்டகம் ஒன்றினை அளந்து, அவ்வளவையே சான்றாகக் கொள்ளல் வேண்டும். அதே வகையின் பழுதுற்ற சட்டகத்திலிருந்து உரிய பகுதியை எடுத்து, அசையாத தாங்கியில் இறுக்கி, சிறிது சிறிதாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைத்தல் வேண்டும். பின்னரும் அளந்து பார்த்தல் வேண்டும். கழுத்திலேயே விரிசல் கண்டாலோ, உட்புறம் துருவால் அரிக்கப்பட்டிருந்தாலோ, அச்சட்டகத்தை ஒதுக்கிவிடுவதே அறம். எல்லாவற்றையும் மீட்கலாம் என்பான் கைத்தொழில் அறியாதவன்.

சட்டகத்தில் பொறித்த எண்ணோ எவரும் தீண்டத்தகாதது. அது வண்டியின் பிறப்புச் சான்று. ஒரு வண்டியின் எண்ணை அறுத்து மற்றொன்றில் பொருத்துதல் மீட்பன்று, களவுக்குத் துணைபோதல். எண் துருவில் மங்கியிருப்பின் செல்ல வேண்டிய இடம் சாலைப் போக்குவரத்து இலாகா, பட்டறையின் மூலையன்று.

தமிழ் கற்றோர்க்கு இந்நெறி புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களைத் தம் புலமையால் இட்டு நிரப்பினாரல்லர். நிரப்பும் ஆற்றல் அவருக்கு இல்லையா? இருந்தது, ஆயினும் அவர் அதனைச் செய்யவில்லை. 267, 268-ஆம் பாடல்களின் இடம் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றது. அவ்வெறுமையே எஞ்சிய பாடல்களின்மீது நம்பிக்கையை ஊட்டுகின்றது. ஏட்டுக்கு உரிய நேர்மை இரும்புக்கும் உரியதே. எப்பகுதி பழையது, எப்பகுதி பின்னர் இணைத்தது என்பதை எழுதி வைத்து, விற்கும்போது வாங்குபவரிடம் கொடுப்பவனே மீட்பாளன்.

தொழிற்பள்ளியை நாடும் மாணவர் இதனை முதற்பாடமாகக் கொள்வாராக. அறுக்கச் சிறிது நேரம் போதும். மீட்கப் பல மாதங்கள் வேண்டும். அவ்வுழைப்புக்கு அஞ்சுவோர் வண்டியை வெட்டுண்ட நிலையிலேயே விட்டுவிடுக. வெளிப்படையான வெட்டு எச்சரிக்கையாவது செய்யும். மறைத்த வெட்டு ஆளைக் கொல்லும்.