மடிக்கணினியின் பாட்டரி: நிரம்பியிருப்பதே நலமா?

மடிக்கணினி என்பது இடம்விட்டு இடம் எடுத்துச் செல்வதற்கென்றே அமைந்த சாதனம். ஆயினும் நம் நாட்டு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உள்ள மடிக்கணினிகளுள் பல, மேசையின் ஒரு மூலையில், சுவரிலுள்ள பிளக்கோடு பிணைக்கப்பட்டு, மாதக்கணக்கில் அசையாமல் இருந்துவருகின்றன. ஓராண்டோ ஈராண்டோ கழித்து, கள ஊழியர் ஒருவர் அதைக் கிராமத்திற்கு எடுத்துச் செல்லும்போதோ, வகுப்பின் நடுவில் மின்சாரம் நின்றுபோகும்போதோதான், அதன் பாட்டரி அரைமணி நேரமும் தாங்காது என்பது தெரியவருகிறது. பாட்டரியைப் பயன்படுத்தவே இல்லையே, அது எவ்வாறு கெட்டது என்று கேட்போர் உண்டு. பயன்படுத்தாமல் எந்நேரமும் நிரப்பியே வைத்திருந்ததனால்தான் கெட்டது என்பதே அதற்குரிய விடை.

இவ்விடை பலருக்கு வியப்பளிக்கலாம். ஏனெனில் பாட்டரியைப் பற்றி மக்கள் பெற்றுள்ள அனுபவ அறிவு பெரும்பாலும் வேறு இருவகைப் பாட்டரிகளிலிருந்து வந்ததாகும். வீட்டு இன்வெர்ட்டரிலும் மோட்டார் வண்டியிலும் உள்ள காரீய-அமிலப் பாட்டரி, 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தது. அது நிரம்பியிருப்பதையே விரும்பும். குறைந்த நிலையில் நெடுநாள் விட்டுவைத்தால், அதன் தகடுகளில் காரீய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டுப் போகும். 1899-இல் சுவீடன் நாட்டின் ஜங்னர் கண்ட நிக்கல்-காட்மியம் பாட்டரியின் இயல்பு வேறு. அதை இடையிடையே முற்றிலும் வடித்துவிட்டு நிரப்புவதே நல்லதென்று அக்காலத்துக் கருவிகளோடு வந்த குறிப்புகள் கூறின. நிரப்பியே வை என்பதும், வடித்துவிட்டு நிரப்பு என்பதும் தத்தம் இடத்தில் பொருத்தமான விதிகளே. மடிக்கணினியில் இருப்பதோ இவ்விரண்டும் அன்று. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், 2019-இல் குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் இரசாயனத்திற்கான நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததுமான லிதியம்-அயனிப் பாட்டரி அது. மேற்கூறிய இரு விதிகளும் அதற்குத் தீங்கே செய்கின்றன.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கிவிட வேண்டும். பிளக்கிலேயே இருப்பதால் மின்சாரம் ஓயாமல் பாய்ந்து பாட்டரி அளவுக்குமேல் நிரம்பிவிடுகிறது என்பது உண்மையன்று. பாட்டரி நிரம்பியதும் அதனுள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று மின்னேற்றத்தை நிறுத்திவிடுகிறது. அதன்பின் கணினி நேரே அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தில் இயங்குகிறது. தீங்கு விளைவிப்பது மிகுதியான மின்னேற்றம் அன்று. நிரம்பிய நிலை நீடிப்பதே. பொதுவாக ஒரு லிதியம்-அயனிக் கலம் நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட் ஆகிறது. அந்நிலையில் நேர்முனை தன் லிதியத்தில் பெரும்பகுதியை இழந்து, தன்னைச் சூழ்ந்த திரவத்தோடு வினைபுரியத் துடிக்கின்றது. மறுபுறம் எதிர்முனையிலுள்ள கிராபைட் லிதியத்தால் நிறைந்திருக்கின்றது. இடையிலுள்ள திரவம் இருபுறமும் சிறிது சிறிதாகச் சிதைகிறது. கிராபைட்டின்மேல் படியும் மெல்லிய படலம் நாளுக்கு நாள் தடித்து, லிதியத்தைத் தன்னுள் கட்டிவைத்துக்கொள்கிறது. அவ்வாறு சிக்கிய லிதியம் மீண்டும் வேலைக்கு வருவதில்லை. நாணேற்றிய வில்லை அப்படியே சுவரில் மாட்டிவைத்தால், அம்பு ஒன்றும் விடாமலே வில் தளர்ந்துபோவதற்கு இதனை ஒப்பிடலாம்.

வெப்பம் சேருமாயின் இச்சிதைவு விரைவுபடும். பரவலாக எடுத்தாளப்படும் ஓர் அட்டவணையின்படி, 40 சதவீதம் மின்னேற்றத்தோடு 25 டிகிரி சென்டிகிரேடில் ஓராண்டு வைக்கப்பட்ட பாட்டரி தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. முழுவதும் நிரம்பிய பாட்டரியோ 80 சதவீதத்தையே தக்கவைக்கிறது. வெப்பம் 40 டிகிரியானால் முன்னதற்கு 85, பின்னதற்கு 65 சதவீதமே எஞ்சுகிறது. குளிர்ந்த நாட்டில் எழுதப்படும் கையேடுகள் இரண்டாம் நிலையை விதிவிலக்காகக் கருதக்கூடும். 2016 மே மாதம் 19-ஆம் நாள் 51 டிகிரியைக் கண்ட ராஜஸ்தானத்துப் பலோதி போன்ற ஊர்களில் பணிபுரிவோர்க்கு அஃது அன்றாட நிலை. போதாக்குறைக்குக் கணினியின் சொந்த வெப்பமும் உண்டு. கோப்புக் கட்டின்மேலோ மெத்தையின்மேலோ கணினியை வைத்துக் காற்றுவழியை அடைப்பது அதனை மேலும் கூட்டுகிறது.

இவற்றிற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை, செலவும் இல்லை. இன்று விற்கப்படும் மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றில் மின்னேற்றத்திற்கு வரம்பு கட்டும் வசதி உண்டு. லெனோவோவில் அது 'கன்சர்வேஷன் மோட்' என்றும், டெல்லில் 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்றும், எச்.பி.யில் 'பாட்டரி ஹெல்த் மேனேஜர்' என்றும் வழங்குகிறது. வரம்பை 80 சதவீதத்தில் வைத்தால், கணினி ஆண்டு முழுதும் பிளக்கிலேயே இருந்தாலும் பாட்டரி உச்ச அழுத்தத்தில் தங்குவதில்லை.

வசதி இருந்தும் அது பயன்படாமல் கிடப்பதேன் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கணினி தொழிற்சாலையிலிருந்து வரும்போது வரம்பு பெரும்பாலும் 100 சதவீதமாகவே இருக்கின்றது. பாட்டரி இத்தனை மணி நேரம் உழைக்கும் என்று விளம்பரம் செய்து விற்கும் வணிகர் வேறெவ்வாறு அனுப்புவார்? 2020-இல் ஆப்பிள் நிறுவனம், வெப்பத்தையும் மின்னேற்றப் பழக்கத்தையும் கவனித்து உச்ச மின்னேற்றத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தன் மடிக்கணினிகளின் இயங்குதளத்தில் சேர்த்தது. அதுவே சரியான வழி. நம் அலுவலகங்களிலோ, சாதனங்களைக் கவனமாகக் கையாளவேண்டும் என்ற ஒருவரிச் சுற்றறிக்கையோடு பொறுப்பு ஊழியரின் தலையில் ஏற்றப்படுகிறது. எதைக் கவனிப்பது என்று சொல்லாத சுற்றறிக்கையால் பயனில்லை. கணினியை ஒப்படைக்கும் பிரிவே, ஒப்படைக்கும் முன்னர் வரம்பை நிறுவி, இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணுக்கு எதிரே அதனைக் குறித்துவைத்தல் வேண்டும். ஒரு கணினிக்கு ஐந்து நிமிட வேலை.

கள ஊழியர் இதற்கு ஓர் ஆட்சேபம் எழுப்பலாம்: வெளியூர் செல்லும் நாளில் முழுப் பாட்டரி வேண்டாமா? வேண்டும், முந்திய இரவு வரம்பை நீக்கி நிரப்பிக்கொள்வதில் குற்றமில்லை. ஒரு நாள் நிரம்பியிருப்பதால் கேடில்லை. மாதங்கள் நிரம்பியிருப்பதே கேடு. மாறாக, தினந்தோறும் பிளக்கைப் பிடுங்கிப் பாட்டரியை வடித்து மீண்டும் நிரப்புக என்று சிலர் கூறும் அறிவுரை, நோயைவிட மருந்து கொடியது என்னும் வகையைச் சேர்ந்தது. பாட்டரி தாங்கக்கூடிய முழுச் சுழற்சிகள் சில நூறுகளே. அவற்றை வீணாகச் செலவிடுவானேன்? இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தாழ்ந்த அளவுவரை இறக்கி ஏற்றினால், திரையில் தோன்றும் சதவீதக் கணக்குச் சரியாகும். அது கணக்கைத் திருத்துமேயன்றிப் பாட்டரியை வளர்க்காது. லே போன்ற குளிர்ப் பிரதேசங்களில் பணிபுரிவோர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: உறைநிலைக்குக் கீழே மின்னேற்றம் செய்தால் லிதியம் கிராபைட்டினுள் புகாமல் அதன்மேல் உலோகமாகப் படிந்துவிடும். கணினியை அறை வெப்பத்திற்குக் கொண்டுவந்த பின்னரே பிளக்கில் இணைக்க வேண்டும்.

மூடி சரியாக மூடாமலோ, தொடுபலகை மேலெழும்பியோ காணப்பட்டால், பாட்டரி வாயுவால் உப்பியுள்ளது என்று கொள்ளலாம். அதை அழுத்துவதும் குத்துவதும் தீவிபத்துக்கு இடமளிக்கும். மின்னேற்றத்தை உடனே நிறுத்திக் கணினியை அணைத்து, பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய பாட்டரியைக் குப்பையில் இடலாகாது. 2022 ஆகஸ்டில் வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.

ஆசிரியர்களுக்கு விடுமுறைக் காலமும் கவனத்திற்குரியது. கோடையில் பள்ளி மூடப்படும் நாளில், பாட்டரியைப் பாதியளவுக்குக் கொண்டுவந்து, கணினியை உறக்க நிலையில் விடாமல் முற்றிலும் அணைத்து, பிளக்கிலிருந்து நீக்கி வைத்தல் நன்று. மேற்கு வெயில் படும் சுவரோரத்து இரும்பு அலமாரி அதற்கு ஏற்ற இடமன்று. காற்றோட்டமுள்ள அறையின் மர அலமாரி போதும். பள்ளி திறக்கும்போது பாட்டரி தானாகவே சிறிது இறங்கியிருக்கும். வரம்பு 80-இல் உள்ளதா என்று பார்த்துக்கொண்டு, மீண்டும் பிளக்கில் இணைத்துவிடலாம்.