தங்கைக்கு மட்டும் ஏன் 47 வெள்ளி கூடுதல்?

ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் பத்து நிமிடம் மூத்தவன், தங்கை பத்து நிமிடம் இளையவள். 1990ல் பிறந்தவர்கள். ஒரே தொடக்கப்பள்ளி, ஒரே பலதுறைத் தொழிற்கல்லூரி, கையில் வாங்கும் சம்பளமும் ஒன்று. 2020 அக்டோபர் முதல் தேதி இருவரும் கேர்ஷீல்டு லைஃப் திட்டத்தில் சேர்க்கப்படுகிறார்கள். மானியங்களைக் கழிப்பதற்கு முன், அண்ணனுக்கு அந்த ஆண்டுச் சந்தா 206 வெள்ளி. தங்கைக்கு 253 வெள்ளி.

இருவருக்கும் கிடைக்கக்கூடிய மாதாந்திர வழங்குதொகை ஒன்றுதான். தங்கைக்கு 47 வெள்ளி கூடுவதற்கு அவள் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. முப்பது வயதிலிருந்து 67 வரை 38 முறை சந்தா கட்ட வேண்டும். சந்தா ஒரு காசுகூட உயரவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 1,786 வெள்ளி வித்தியாசம். சந்தாவோ உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

"வேண்டாம், நான் சேரவில்லை" என்று தங்கை சொல்ல முடியாது. 1980லும் அதற்குப் பிறகும் பிறந்த சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் இது கட்டாயம். இந்தப் பத்தியைப் படிக்கும் முப்பதுகளில் இருக்கும் பலரும் இதில் இருக்கிறீர்கள். பணம் மெடிசேவ் கணக்கிலிருந்து போய்விடுவதால் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சந்தா வேறு என்பதையே பாதிப் பேர் முதன்முறையாக உங்களிடமிருந்துதான் கேட்பார்கள்.

திட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல திட்டம். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று ஆறு அன்றாடக் காரியங்கள் இருக்கின்றன. இவற்றில் மூன்றைப் பிறர் துணையின்றிச் செய்ய முடியாத நிலை வந்தால், அந்த நிலை நீடிக்கும்வரை, ஆயுள் முழுவதும்கூட, மாதந்தோறும் ரொக்கம் கிடைக்கும். 2020ல் 600 வெள்ளி, 2025ல் 662, இந்த ஆண்டு 689. இன்று 65 வயதில் ஆரோக்கியமாக இருக்கும் இரண்டு சிங்கப்பூரரில் ஒருவருக்கு வாழ்நாளில் இத்தகைய கடும் உடற்குறை வரலாம் என்பது சுகாதார அமைச்சின் மதிப்பீடு. பாதிக்குப் பாதி! நாணயத்தைச் சுண்டிவிடுவதும் இதுவும் ஒன்றுதான். இதற்கு முன்பு இருந்தது 2002ல் வந்த எல்டர்ஷீல்டு. தொடக்கத்தில் மாதம் 300 வெள்ளி, அதுவும் ஐந்தே ஆண்டு. படுத்த படுக்கையாக எட்டாவது ஆண்டில் இருப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. அந்தக் குறையை கேர்ஷீல்டு தீர்த்தது. ஏற்கெனவே உடற்குறை உள்ளவர்களையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டது. தனியார் காப்புறுதி எதுவும் அதைச் செய்யாது.

ஆனால் எல்டர்ஷீல்டிலிருந்து ஒரு பழக்கம் கூடவே வந்துவிட்டது. எல்டர்ஷீல்டைத் தனியார் நிறுவனங்கள் நடத்தின. அவர்களுடைய கணக்குப்படி பெண்களுக்குச் சந்தா அதிகம். அரசாங்கமே நடத்தும் கட்டாயத் திட்டமாக மாறிய பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. 2018 ஜூலையில் நாடாளுமன்றம் திட்டத்தை விவாதித்தபோது உறுப்பினர்கள் இதைக் கேட்டார்கள். அவேர் மகளிர் அமைப்பும் எதிர்த்தது. 2019 செப்டம்பரில் சட்டம் நிறைவேறியபோதும் வித்தியாசம் அப்படியே நின்றது. 2022ல் சிங்கப்பூர்ப் பெண்களின் மேம்பாட்டுக்கென்று 25 செயல்திட்டங்களோடு வெள்ளை அறிக்கை வந்தது. பராமரிப்பாளர்களுக்கு உதவித்தொகையை உயர்த்தினார்கள், நல்லது. சந்தா வித்தியாசத்தைத் தொடவில்லை.

அமைச்சு சொல்லும் காரணத்தை நியாயமாகவே எடுத்துவைக்கிறேன். பெண்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். சிங்கப்பூரில் ஆண்களைவிட ஏறத்தாழ நான்கரை ஆண்டு அதிகம். உடற்குறையோடு வாழும் காலமும் அவர்களுக்கு நீளம். ஆகவே திட்டத்திலிருந்து அவர்கள் பெறும் மொத்தத் தொகை அதிகம். அதிகம் பெறுபவர் அதிகம் கட்டட்டும். கணக்கில் பிழை இல்லை.

கணக்கு சரி. அது விட்டுவிட்டதைப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை காலை ஃபேரர் பார்க்குக்கு வாருங்கள். எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்து சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களைப் பார்க்க வேண்டாம், தள்ளிக்கொண்டு வருபவர்களைப் பாருங்கள். மகள், மருமகள், மனைவி, இல்லப் பணிப்பெண். அப்படியே பெக் கியோ சந்தை வரை நடந்து, காலைப் பசியாற வந்திருக்கும் முதியவர்களுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். மகன்களே இல்லை என்று சொல்லமாட்டேன். எண்ணுவதற்கு ஒரு கை போதும்.

வானொலியில் முதியோர் பராமரிப்பு என்று தலைப்பை எடுத்தால் வரும் அழைப்புகளும் பெரும்பாலும் பெண்குரல்தான். ஓர் அம்மா பேசியதை மறக்க முடியவில்லை. மாமியார் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டவர், அப்போது அவருக்கு 46 வயது. மாமியார் போய் ஓராண்டில் கணவர் படுத்துவிட்டார். "தங்கச்சி, எனக்கு மசேநி கணக்குல கடைசியா எப்பப் பணம் ஏறுச்சுன்னே ஞாபகமில்ல. ஆனா காப்புறுதிக்கு இறங்குறது மட்டும் நிக்கல" என்றார். பின்னணியில் ஒரு ஆண்குரல் தண்ணீர் கேட்டது. "இருங்க, வர்றேன்" என்று அழைப்பை வைத்துவிட்டார். நான் அடுத்த பாட்டைப் போட்டேன், வேறென்ன செய்ய?

அவர் கதையைக் காப்புறுதிக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். கணவர் விழுந்தால் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறார். மனைவி விழும் வயதில் கணவர் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் அதிக காலம் உதவித்தொகை வாங்க வேண்டியிருப்பது வீட்டில் எல்லாரையும் வழியனுப்பிவிட்டுக் கடைசியாக மிஞ்சுவதால். பராமரித்த ஆண்டுகளில் சம்பளமில்லை, சம்பளமில்லாததால் மெடிசேவ் இல்லை. வேலையில் இருந்தவர்களுக்கும் 2023 கணக்குப்படி முழுநேர ஊழியர்களில் ஆண் பெண் சம்பள இடைவெளி 14.3 விழுக்காடு. குறைந்த கணக்கிலிருந்து கூடுதல் சந்தா போகிறது.

"யாரால் செலவு அதிகமோ அவர் அதிகம் கட்டட்டும்" என்பதுதான் கொள்கையென்றால் அது பெண்களோடு நிற்காது. 2010 தேசிய சுகாதார ஆய்வில் சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு. நீரிழிவு முற்றினால் கால் போகும், சிறுநீரகம் போகும், கண் போகும். நம் வீடுகளுக்குத் தெரியாததா? ஆனாலும் இந்தியர்களுக்கு கேர்ஷீல்டு சந்தா அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் நாடே கொதிக்கும், கொதிக்கத்தான் வேண்டும். இனத்தை வைத்துச் செய்தால் அநியாயம் என்று உடனே தெரிவது, பாலினத்தை வைத்துச் செய்தால் மட்டும் ஏன் கணக்கியலாகிவிடுகிறது?

நம் நாட்டிலேயே இதற்கு நேர்மாறான உதாரணம் உண்டு. 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப்பும் கட்டாயத் திட்டம்தான். வயதுக்கு ஏற்பச் சந்தா மாறும், ஆணா பெண்ணா என்று பார்க்காது. 2019 ஏப்ரலில் கர்ப்பகால, பிரசவகாலக் கடும் சிக்கல்களுக்கும் காப்பு சேர்த்தார்கள். அது பெண்களுக்கு மட்டுமே வரும் செலவு. அதற்காகப் பெண்களின் சந்தாவைத் தனியாக உயர்த்தவில்லை. ஃபேரர் பார்க்கிலிருந்து ஒரே நிலையம் தள்ளி இருக்கும் கேகே மருத்துவமனை 1966ல் ஒரே ஆண்டில் 39,835 பிரசவங்கள் பார்த்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. உங்களில் பலரின் அப்பா அம்மா அந்தக் கணக்கில் இருப்பார்கள். பிள்ளை பெறுவது எல்லாருடைய செலவு என்று ஏற்றுக்கொண்ட நாம், அந்தத் தாய்க்கு எண்பது வயதில் வரும் செலவை அவள் மேலேயே எழுதுகிறோம்.

தனியார் நிறுவனங்கள் பாலினம் பார்ப்பதற்கு ஒரு தொழில்காரணம் உண்டு. எல்லாருக்கும் ஒரே விலை வைத்தால், ஆபத்து குறைந்தவர் "எனக்கு லாபமில்லை" என்று விலகிவிடுவார். கட்டாயத் திட்டத்தில் யாரும் விலக முடியாது. அதனால் அந்தக் காரணமும் இங்கே இல்லை. விலகும் வசதி உள்ள சந்தையிலேயே சில நாடுகள் இதை நிறுத்திவிட்டன. ஐரோப்பிய நீதிமன்றம் 2011ல் தீர்ப்பளித்து, 2012 டிசம்பர் 21 முதல் காப்புறுதியில் பாலின அடிப்படையிலான விலை ஐரோப்பிய ஒன்றியத்தில் நின்றது. அமெரிக்காவில் 2010ல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டம் 219க்கு 212 என்று மயிரிழையில் கீழவையில் தேறியது. அந்தச் சட்டத்தால் 2014 முதல் தனிநபர் காப்புறுதியில் பெண்களிடம் கூடுதலாக வாங்க முடியாது. ஜெர்மனியின் கதை இன்னும் சுவாரசியம். அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி 1995லிருந்து இருக்கிறது. வருமானத்தில் இத்தனை விழுக்காடு என்று கட்ட வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 2005 முதல் பிள்ளை இல்லாதவர்கள் சற்றுக் கூடுதலாகக் கட்டுகிறார்கள். பிள்ளை வளர்ப்பவர் ஏற்கெனவே ஒரு பங்கைக் கொடுத்துவிட்டார் என்பது அவர்கள் கணக்கு. அந்த முறை இங்கே வேண்டும் என்று சொல்லவில்லை, அதிலும் சண்டைக்கு இடமிருக்கிறது. வீட்டு உழைப்பையும் சந்தாவாக எண்ணிப் பார்க்க முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, பணம்? 206ஐயும் 253ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 229 வெள்ளி 50 காசு. ஆண்களும் பெண்களும் சம அளவில் இருப்பதாகக் கொண்டால், ஆணுக்கு ஆண்டுக்கு 23 வெள்ளி 50 காசு கூடும். மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கும் குறைவு. தேக்காவில் ஒரு கோப்பிக் காசு. என் ஆண் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்கு ஒன்று: வேலைக்குப் போகாத அம்மாவுக்கும் மனைவிக்கும் சந்தா பெரும்பாலும் உங்கள் மெடிசேவிலிருந்துதான் போகிறது. கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பதே நீங்கள்தான், ஐயா.

ஆண்கள் தலையில் ஏற்றக்கூடாது என்றால் அரசாங்கமே வித்தியாசத்தை ஏற்கலாம். அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில், வழங்குதொகை 2026 முதல் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயரும் என்று அறிவித்தபோது, சந்தா உயர்வைச் சமாளிக்க ஐந்தாண்டுகளுக்கு 570 மில்லியன் வெள்ளிக்கு மேல் கூடுதல் ஆதரவும் அறிவித்தார்கள். இந்த ஆண்டு யாருக்கும் 75 வெள்ளிக்கு மேல் சந்தா உயராது என்று வரம்பும் வைத்தார்கள். அந்தக் கதவு திறந்த நேரத்திலேயே 206க்கும் 253க்கும் நடுவில் இருக்கும் கோட்டை அழித்திருக்கலாம். இந்த ஏற்பாடு 2030 வரைக்கும். அடுத்த மறுஆய்வு வரை காத்திருந்தால், இந்த ஆண்டு முப்பதைத் தொடும் பெண் 34 வயது வரை கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பாள்.

அதனால் சென்ற ஆண்டு மே 3ஆம் தேதி நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களிடம், கட்சி பார்க்காமல், கேட்கிறேன். கேர்ஷீல்டு சட்டத்திலோ அதன் விதிகளிலோ ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள்: சந்தா பாலினத்தைப் பொறுத்து மாறக்கூடாது. கேள்வி நேரத்தில் எழுப்புங்கள், ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவாருங்கள். தனி உறுப்பினரால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற சட்டத்தை 1990களில் கொண்டுவந்தவர் அமைச்சர் அல்லர், வால்டர் வூன் என்ற நியமன உறுப்பினர். குடும்ப விஷயத்தில் சட்டம் தலையிடலாமா என்று அப்போது ஊரெல்லாம் வாக்குவாதம். 1995ல் அது நிறைவேறியது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளச் சட்டம் போட முடிந்த மன்றத்துக்கு, பார்த்துக்கொள்பவர்களிடம் கூடுதல் காசு வாங்காதே என்று சொல்லவும் முடியும்.

வாசகர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் மக்கள் சந்திப்பு எந்த நாள் என்று பாருங்கள், பல இடங்களில் திங்கள் மாலை. புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசை எண் கொடுப்பார்கள். வீட்டில் ஓர் ஆணின் கேர்ஷீல்டு அறிக்கையையும் ஒரு பெண்ணின் அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஒத்துப்போனால் நல்லது. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது ஏன்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அண்ணன் தம்பிகள் போய்க் கேட்டால் இன்னும் நல்லது.